எட்டாவது கூடை

என் தொண்டைக்கு மைசூர் காய்கறி மண்டியில் ஒரு பேர் உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் ஏலம் கூவ ஆரம்பித்தால் டீக்கடை வாசலில் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும் என்று கிண்டல் செய்வார்கள். பழனிமுத்து என்றால் வாய், வாய் என்றால் பழனிமுத்து. அந்த வாய் என் ஆயுசில் இரண்டே தடவைதான் அடைத்துப் போயிருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே பொம்பளைக்கு முன்னால். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பேர் சென்னம்மா. ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரி. அங்கே இரண்டு வருஷம் மழை பொய்த்ததும், புருஷன் மாதப்பனோடு நரசிபுரம் ரோட்டில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து வந்து சேர்ந்தாள். வாய்க்கால் தண்ணீர், கறுப்பு மண். மைசூர்க்காரர்கள் வாங்கிபாத் என்கிற கத்தரிக்காய்ச் சாதத்துக்கு உயிரை விடுகிற நீளப் பச்சைக் கத்தரிக்காய் அவள் கையில் அப்படி விளையும். கூடை விளிம்பில் பழைய பச்சைச் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டி அனுப்புவாள், காலிக் கூடை ஒழுங்காகத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக. பச்சைக் கரை கட்டின கூடை இறங்கினால் நான் கூவவே வேண்டியதில்லை. கை தானாக நீளும்.

இனி எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நடந்தது புரியாது. எங்கள் மண்டிக்குக் காய் அனுப்பின தோட்டங்களில் கிணற்றோரமாகவோ வாய்க்காலோரமாகவோ நாலைந்து வரிசைச் செடி தனியாக நிற்கும். அதைச் சுற்றி ஒரு சின்ன வரப்பும் இருக்கும். அதற்கு வீட்டுப் பாத்தி என்று பேர். பூச்சிமருந்தடிக்கிறவன் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தோட்டம் முழுக்கப் புகை மாதிரி அடித்துக்கொண்டே வருவான். அந்த வரப்பு வந்ததும் குழாயை மூடிவிடுவான். மற்றதெல்லாம் மண்டிக்கு, இது மட்டும் வீட்டுச் சட்டிக்கு. இதை யாரும் ஒளித்துச் செய்யவில்லை. வாசலில் கோலம் போடுகிற மாதிரி, தினசரி நடக்கிற காரியம்.

ஏலக்காரனுக்கு ஒரு மரியாதை உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை, லாரியில் வருகிற கூடைகளுக்கு மேலே ஒரு துண்டில் கட்டின சின்ன மூட்டை வரும். "வீட்டுப் பாத்திக் காயிண்ணா, உங்களுக்கு" என்று சொல்லி அனுப்புவார்கள். 1973-இல் நான் ஏலம் கூவ வந்தேன். அன்றிலிருந்து என் வீட்டு அடுப்பில் வெந்ததெல்லாம் அந்த மூட்டைக் காய்தான். நான் தொண்டை கிழியக் கூவி ஊருக்கு விற்ற காயில் ஒன்றுகூட என் வீட்டு வாசல் மிதித்ததில்லை. இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாக. என் மேல் இருக்கிற மரியாதை என்றுதான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தேன்.

அது 1995, வைகாசி மாசம், திங்கட்கிழமை. நல்ல முகூர்த்த நாள். காய் வந்த வேகத்தில் போய்விட்டது. ஏழே முக்காலுக்கு மண்டி காலியாகி, சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பலகையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும்போது சென்னம்மா வாசலில் வந்து நின்றாள். தலை கலைந்து கிடந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. காய் அனுப்ப ஆரம்பித்த பதினோரு வருஷத்தில் அவள் மண்டிக்கு நாலு தடவை வந்திருந்தால் அதிகம்.

"அண்ணா, அந்த மூட்டை எங்கீங்கண்ணா?" என்றாள். வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை.

பின்னால் ஆணியில் தொங்கின மூட்டையைக் காட்டினேன். ஓடிப்போய் எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து ஒரு காயை மூக்கருகே கொண்டு போனாள். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மாதேஸ்வரா, காப்பாத்திட்ட" என்றாள். "இதுல ஒண்ணைக்கூட வாயில வெச்சறாதீங்கண்ணா. எங்க நாத்தனா மாதேவி விருந்தாடி வந்திருக்குதுங்க. உங்களுக்கு மூட்டை கட்டச் சொன்னனுங்க. அவ வீட்டுப் பாத்தி எதுன்னு தெரியாம பளபளன்னு இருக்கிற பக்கமாப் பாத்துப் பறிச்சுப் போட்டாளுங்க. சனிக்கிழமை பொழுதோடதான் அங்க மருந்தடிச்சிருந்தது. காலையில போய்ப் பாக்கறேன், வீட்டுப் பாத்தியில ஒரு காய் கொறையல. எனக்கு உசுரே இல்லீங்க. அப்படியே பஸ் ஏறிட்டனுங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மண்டிக்காரன் பிழைப்பு மத்தளப் பிழைப்பு, இரண்டு பக்கமும் இடி. விலை குறைந்தால் விவசாயி ஏசுவான், கூடினால் கடைக்காரன் ஏசுவான். அப்படிப்பட்ட எனக்காக ஒருத்தி அறுந்த செருப்போடு ஓடி வந்திருக்கிறாள்.

"இதுக்கா அம்மணி இந்த ஓட்டம்? நீ நல்லா இருக்கணும் தாயி. மொதல்ல உக்காரு" என்று டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

டீயை உதட்டருகே கொண்டு போனவள் பாதியில் நிறுத்தினாள். அவள் கண், கூட்டிச் சுத்தமாகக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சைக் கரைக் கூடைகள் இறங்குகிற இடம் அது.

"அண்ணா, எங்கூடை எட்டு வந்துச்சுங்களே?"

"எல்லாம் போயாச்சு அம்மணி. இன்னிக்கு உன் காய்க்கு அடிதடி."

"அதும் அதே பக்கம் பறிச்சதுங்களே" என்றாள், ரொம்ப மெதுவாக. டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒரு மூட்டைக்கு ஓடியாந்தனுங்க. எட்டுக் கூடைக்கு ஓடி வரலீங்களே. பதினோரு வருசமாங்கண்ணா! ஒரு நாளாச்சும் ஓடி வந்தனுங்களா?"

முதல் தடவை என் வாய் அடைத்தது அப்போதுதான். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மாதப்பனைக்கூடச் சொல்லவில்லை. தன்னைத்தான் கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்தக் கேள்வி என் வெற்றிலைப் பெட்டி மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு மூட்டைக்குப் பதறுகிற மனசு எட்டுக் கூடைக்கு ஏன் பதறவில்லை? அவளுக்காவது அன்றைக்குத் தெரிந்தது. நான் இருபத்திரண்டு வருஷமாக அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் சொகுசாக உட்கார்ந்து தின்றவன்.

வாய் திறந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வேறு என்ன வரும்? "நீ ஒருத்திதான் அடிக்கிறியா? இங்க வர்ற அத்தனை பேரும் அடிக்கிறான். கழுவித்தானே சமைக்கிறாங்க? இதுவரைக்கும் எவன் செத்தான்?" என்று கத்தினேன்.

"மத்தவங்க கூடை எனக்குத் தெரியாதுங்கண்ணா. எங்கூடை எட்டு. எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நானே போய்க் கேட்டு வாங்கிக்கிறனுங்க."

"விலையத் திருப்பிக் கேப்பாங்களே?"

"எனக்குக் குடுக்க வெச்சிருக்கறதுலருந்து அவங்களுக்குக் குடுத்துருங்க."

சும்மா சொல்லவில்லை, மாதப்பனைக் கேட்காமல் அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். அந்த வைகாசிப் பறிப்பை நம்பித்தான் அவர்கள் வீட்டில் மேல்கூரை மாற்றுவதாக இருந்தது. எனக்கு அது தெரியும்.

ஓர் ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். நான் ஏன் கூடப் போனேன் என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். வெட்கமாக இருக்கலாம். தனியாக விட்டால் ஊரெல்லாம் சொல்லிவிடுவாளோ என்ற பயமாகவும் இருக்கலாம். தேவராஜா மார்க்கெட்டில் மூன்று கூடை. இரண்டு அப்படியே இருந்தன. மூன்றாவதில் பாதி விற்றாகிவிட்டது. "யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். "பையைக் கொண்டு வந்தாங்க, போட்டேன், போயிட்டாங்க. முகத்தை எல்லாம் எழுதி வெக்க முடியுமா?" சென்னம்மா மார்க்கெட் வாசலில் போய் நின்று, பூக்கடைப் பக்கமாகப் போகிற வருகிற பொம்பளைகளின் பைகளை எல்லாம் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன்.

ஒரு மாணவர் விடுதியில் இரண்டு கூடை. அங்கே சமையல்காரர் மூட்டைப் பருப்பை அளந்துகொண்டிருந்தார். "தொளெதுபிட்டரெ ஆயித்து, பிடம்மா" என்றார். கழுவினால் தீர்ந்தது, விடும்மா என்று அர்த்தம். சென்னம்மாவுக்குக் கன்னடம் தெரியும். ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். "உங்க பெத்த புள்ளைக்கு ஆக்கிப் போடுவீங்களா சாமி?" என்று கேட்டாள். அவர் கூடையைக் காலால் நகர்த்தி விட்டார். அக்ரஹாரத்து மெஸ் ஒன்றில் ஒரு கூடை, சாமுண்டிபுரத்துக் கடை ஒன்றில் ஒரு கூடை. எல்லா இடத்திலும் திட்டு வாங்கினோம். "மண்டியில என்னய்யா நாடகம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். நான் கூடையை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஏழு கூடை ஆயிற்று. ஆட்டோவில் திரும்பும்போது, "எட்டாவது?" என்றாள்.

இங்கேதான் நான் செய்தேன் அந்தக் காரியத்தை.

எட்டாவது கூடை யாரிடம் போயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கையால் தூக்கிக் கொடுத்தேன். லிங்கப்பன் என்று ஒரு கல்யாண சமையல்காரர். ஊரில் பெரிய சத்திரம் ஒன்றில் வருஷத்துக்கு அறுபது கல்யாணம் அவர் கையில்தான். அறுபதுக்கும் காய் என்னிடம்தான். அன்று அங்கே பகல் விருந்து, நானூறு இலை, வாங்கிபாத். இந்த விஷயம் அவர் காதுக்குப் போனால் என் மண்டியை விட்டுப் போவதோடு நிற்க மாட்டார். மைசூரில் இருக்கிற சமையல்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுவார். அப்புறம் நான் பலகையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அது யாரோ புது ஆளு அம்மணி. பேரு கேட்டுக்கல" என்றேன்.

சென்னம்மா என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். "சரீங்கண்ணா. கெடச்சாச் சொல்லுங்க" என்றாள்.

"கெடச்சாச் சொல்றேன்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பான் என்பார்கள். நான் ஒரு கூடைக் கத்தரிக்காயை நானூறு பேர் சோற்றில் மறைத்தேன்.

மண்டிக்குத் திரும்பி வந்து கூடைகளை இறக்கினோம். வாசலில் எப்போதும் நிற்கிற மாடு ஒன்று வந்து முகர்ந்தது. சென்னம்மா அறுந்த செருப்பாலேயே அதை விரட்டினாள். "உனக்கும் வேண்டாம் போ!" கூடைகளை மத்தியான லாரியில் ஏற்றி அனுப்பும்படி என்னிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நடந்தாள். மணி பத்து இருக்கும். நான் அன்று பகல் முழுக்கச் சத்திரத்துப் பக்கம் காது வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் வாந்தி இல்லை, பேதி இல்லை. அடுத்த வாரம் லிங்கப்பன் வழக்கம் போல வந்து வழக்கம் போல பேரம் பேசினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இப்போதும் எனக்கே என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

அன்று வீட்டுக்குப் போய் ஜோதிமணியிடம் மூட்டைக் கதையை மட்டும் சொன்னேன். எட்டாவது கூடையைச் சொல்லவில்லை. என் பெண்டாட்டி அதிகம் பேசுகிறவள் இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப காந்தி நகர்ல எங்கம்மா கடையில வாங்கித் திங்கறது?" என்றாள். மாமியாருக்கு அப்போது எழுபது வயது. கத்தரிக்காய்க் கொத்சு இல்லாமல் அவருக்கு இட்லி இறங்காது. இருபத்திரண்டு வருஷத்தில் அது எனக்குத் தோன்றியதே இல்லை.

நாலு நாள் கழித்து மாதப்பன் மண்டிக்கு வந்து என் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "அந்தப் புள்ளைக்குப் பித்துப் புடிச்சிருச்சுங்கண்ணா. ஏழு கூடையும் குழி தோண்டிப் பொதச்சுட்டா. மம்பட்டிய எடுத்து வீட்டுப் பாத்தி வரப்பை வெட்டிச் சமமாக்கிப் போட்டா. இனிமே வீட்டுப் பாத்தின்னு ஒண்ணு இல்ல, தோட்டம் பூராவும் வீட்டுப் பாத்திதாங்கறா. மருந்து டப்பாவ எங்க ஒளிச்சு வெச்சாளோ தெரியல. நீங்க சொல்லுங்கண்ணா, உங்க பேச்சக் கேப்பா."

என் பேச்சையா! நான் வெற்றிலையைத்தான் மென்றேன்.

அடுத்த பட்டத்துக் காய் வந்தது. பாருங்கள், அதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. பச்சைக் கரைக் கூடையில் பாதிக் காய் ஓட்டை. எங்கள் தொழிலில் நல்ல காயை மேலே அடுக்கி, சொத்தையைக் கீழே போடுவது குழந்தைக்கும் தெரிந்த வித்தை. அவள் சொத்தையை மேலே அடுக்கி அனுப்பியிருந்தாள். அன்று தானும் கூடவே வந்து கூடை பக்கத்தில் நின்றாள்.

"ஏம்மா, புழுவையும் சேத்தா நிறுக்கிறது?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். மண்டியே சிரித்தது.

"புழு தின்னுபோட்டு உசுரோட நெளியுது பாருங்க. நீங்க தின்னாலும் உசுரோட இருப்பீங்க" என்றாள் சென்னம்மா. சிரிப்பு நின்றது. ஆனால் கையும் நீளவில்லை. மாட்டுக்கு வாங்குகிற விலைக்குத்தான் அன்று போயிற்று. அவள் முகம் வாடும் என்று பார்த்தேன். முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது, "இனிமே உங்களுக்குத் தனி மூட்டை வராதுங்கண்ணா. எந்தக் கூடையில வேணாலும் கையப் போட்டு எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது, மரியாதையைப் பிடுங்கிக்கொண்டாளே என்று. மறு கணம் ஒரு கூடையில் கையைப் போட்டேன். மண்டிக் காயை நான் வீட்டுக்கு எடுத்துப் போனது அன்றுதான்.

ஆவணி வாக்கில் ஒரு நாள் அவள் தோட்டத்துக்குப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். கூரை பழசாகவே இருந்தது. மேலே பிளாஸ்டிக் தாளை விரித்துக் கல் வைத்திருந்தார்கள். தோட்டத்தில் சென்னம்மா வரிசை வரிசையாகக் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். நுனி வாடின கிளை ஒவ்வொன்றையும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். அதற்குள்தான் புழு இருக்குமாம். கிள்ளி எரித்துவிட்டால் காய்க்குள் போகாதாம். மூவாயிரம் செடி. தினமும் காலையில் ஒரு சுற்று, சாயந்திரம் ஒரு சுற்று. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீர் தொட்டியில் நாறியது. வரப்பெல்லாம் செண்டுமல்லி. இரண்டு பட்டம் கத்தரி போட்டால் அடுத்த பட்டம் அதே மண்ணில் ராகியும் அவரையும் போடுவதாகச் சொன்னாள். புழு வந்து பார்த்துவிட்டுப் பட்டினியாகப் போகட்டும் என்றாள். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"வீட்டுப் பாத்திக்கு இத்தன வருசமா இதத்தானுங்கண்ணா பண்ணிட்டிருந்தம். நாலு வரிசைக்குப் பண்ணத் தெரிஞ்சது ஒன்றரை ஏக்கருக்குத் தெரியாதுங்களா? இடுப்புதான் ஒடியுது."

நான் வரப்பில் நின்று அந்தக் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயிலுக்குப் போனால் நான் தரிசனத்தைவிடப் பிரசாதத்தைப் பார்க்கிற ஆள். எனக்கே அன்று கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வெட்கமாக இருந்ததால் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

மைசூரே மாறிவிட்டது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அவளைப் பார்த்து இரண்டு தோட்டக்காரர்கள் வரப்பை வெட்டினார்கள். ஒருத்தர் ஒரே பட்டத்தில் மருந்துக் கடைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் மூன்றாவது வருஷம் அவள் கூடையில் ஓட்டை குறைந்து போயிற்று. தேவராஜா மார்க்கெட்டில் சில பொம்பளைகள் "பச்சைக் கரை வந்துச்சா?" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். மாதப்பனும் முணுமுணுப்பதை விட்டுவிட்டுக் காலைச் சுற்றுக்கு அவளோடு குனிய ஆரம்பித்தான். எட்டாவது கூடையைப் பற்றி மட்டும் அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

1999 தை மாசம் என் மகள் காவேரிக்குக் கல்யாணம். சமையல் லிங்கப்பன்தான், வேறு யார்? அவர் கேட்ட சாமான் பட்டியலை வைத்துக்கொண்டு, "வாங்கிபாத்துக்கு நம்ம சென்னம்மா காய் சொல்லியிருக்கேன். அதுல அங்கங்க ஓட்டை இருக்கும், கோவிச்சுக்காதீங்க" என்றேன்.

லிங்கப்பன் கரண்டியைக் கீழே வைத்தார். "பச்சைக் கரை கட்டுற அம்மாவா? அவங்க காய்னா கண்ண மூடிட்டுப் போடுவேன் பழனிமுத்தண்ணா. உங்களுக்குத் தெரியுமா, அந்த அம்மா ஒரு தடவை எங்க சமையக்கட்டுக்கே வந்தாங்க."

பட்டியலை மடித்தேன். "எப்ப?"

"ஆச்சு, நாலு வருஷம். வைகாசி முகூர்த்தம். கத்தரிக்காயெல்லாம் நறுக்கி உப்புத் தண்ணியில போட்டாச்சு, எண்ணெய் காயுது. வாசல்ல வந்து நிக்கறாங்க, ஒரு காலுல செருப்பு இல்ல. பாத்திரம் தேய்க்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். 'சாமி, அதப் போடாதீங்க, அது எந்தோட்டத்துக் காயி, மருந்தடிச்சு முழுசா ரெண்டு நாளு ஆகல'ன்னாங்க. போம்மா, இத்தன வருஷமா இதத்தான் போடறோம்னு வெரட்டினேன். போகல. 'எங்கூட்ல நாங்க இதத் திங்கறதில்லீங்க'ன்னாங்க. அவ்வளவுதான். என் கை ஓடலண்ணா. அண்டாவோட தூக்கிக் கொட்டச் சொன்னேன். நானூறு இலை, மணி பத்தரை. என்ன செய்வேன்? அந்த அம்மாவே அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உக்காந்து உருளைக்கிழங்கும் கோசும் பன்னிரண்டு மணி வரைக்கும் நறுக்கிக் குடுத்தாங்க. ஒரு வாய் சாப்பிடுங்கன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க."

"என் மண்டியிலருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமே லிங்கப்பா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"அந்த அம்மாதான் கேக்க வேண்டாம்னாங்க. 'மண்டிக்காரர் மேல தப்பில்ல சாமி, அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரு தங்கமான மனுசன். கூடை எங்க போச்சுன்னு நான்தான் மண்டிக்கு வெளியில நின்ன, அத ஏத்திட்டு வந்த ஆட்டோக்காரரக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்'னாங்க."

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகும் என்று ஆயிரம் தடவை நானே சொல்லியிருக்கிறேன். அது நாலு வருஷம் கழித்து என் மகள் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு ஒண்ணும் தெரியாது! எல்லாம் தெரிந்துதானே அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்? பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று என்னிடம் சொன்னவள் பஸ் ஏறவே இல்லை. என் பொய்யையும் காப்பாற்றி, நானூறு இலையையும் காப்பாற்றி, என் பிழைப்பையும் காப்பாற்றிவிட்டு, நாலு வருஷம் என்னை "அண்ணா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று சென்னம்மாவும் மாதப்பனும் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார்கள். பெண்ணைப் பெற்றவன் பந்தியில் பரிமாறக் கூடாது என்று சட்டம் இல்லை. வாங்கிபாத் வாளியை நான் வாங்கிக்கொண்டேன். இலை இலையாக வந்து அவள் முன்னால் நின்றேன். கரண்டியால் எடுத்து வைத்தேன். ஒரு கத்தரித் துண்டில் புழு துளைத்த சின்ன வட்டம் தெரிந்தது.

"போதுங்கண்ணா" என்று கையால் இலையை மறைத்தாள்.

நகர முடியவில்லை. மண்டி அதிரக் கூவுகிற தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "அம்மணி... அந்த எட்டாவது கூடை..."

சென்னம்மா நிமிர்ந்து பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆட்டோவில் பார்த்த அதே பார்வை. ஆனால் கண்ணோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"கெடச்சுதுங்களாண்ணா?"

"கெடச்சுது அம்மணி" என்றேன். கண் நிறைந்து வாளி மங்கலாகத் தெரிந்தது.

"அப்பச் சரி" என்றாள். இலையில் இருந்ததை ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். "நவுருங்கண்ணா, அடுத்த எலை காத்திருக்குது."